'தி டார்க் இஸ் ரைசிங்': மார்கழிக் கூட்டு வாசிப்பு (கதை தெரிந்துவிடும், எச்சரிக்கை!)

அரசமரம் | டிசம்பர் 20, இரவு 9.15

சூசன் கூப்பரின் இந்த ஆங்கிலச் சிறார் நாவலை எடுத்து வைத்து இரண்டு வருடம் ஆகிறது. இன்று ஒருவழியாகத் தொடங்கிவிட்டோம். "விட்டோம்" என்றது என்னையும் என் மகளையும் சேர்த்து. அவளுக்குப் பதினொன்று நடக்கிறது. கதையில் வில் ஸ்டான்டன் என்ற பையனுக்கு நாளை, டிசம்பர் 21, பதினோராவது பிறந்தநாள். கதை அதற்கு முந்தைய நாள், அதாவது இன்று, தொடங்குகிறது. தேதிப்படி ஜனவரி 6 வரை கூடவே போகலாம் என்று திட்டம்.

நான் ஆங்கிலத்தில் ஒரு பத்தி படிப்பேன், அப்புறம் தமிழில் சொல்லுவேன். முதல் அத்தியாயம் முடிந்தது. பெரிதாக எதுவும் நடப்பதில்லை, ஆனால் வயிற்றைப் பிசைகிறது. வில் தன் முயல்களுக்குத் தீனி வைக்கப் போகிறான். தினமும் அவன் கையைத் தேடி வரும் முயல்கள் இன்று மிரண்டு மூலையில் ஒடுங்குகின்றன. வீட்டுக்குள் ரேடியோ பாடுகிறது. அவன் பக்கத்தில் நடந்து போனால் கரகரக்கிறது, தள்ளிப் போனால் சரியாகிவிடுகிறது. அம்மாவுக்கும் அக்காக்களுக்கும் எரிச்சல்தான் வருகிறதே தவிர யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. மகள் இந்த இடத்தில் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

சிக்கல் அடுத்த பக்கத்தில் வந்தது. கதையில் இருள் என்று ஒரு தீய சக்தி; அதன் ஏவலில் பறவைக்கூட்டம் ஒன்று ஒரு நாடோடிக் கிழவனைத் தாக்குகிறது. காக்கா என்றே சொல்லி வைத்தேன். உடனே கேள்வி: "நாம அமாவாசைக்குச் சோறு வைக்கிற காக்காவா? அது எப்படி இருட்டோட ஆளாகும்? அதுல தாத்தா இருக்காருன்னு பாட்டி சொன்னாங்களே?"

பதில் தெரிந்தவர்கள் காப்பாற்றவும்.

நூலகப்பூனை | டிசம்பர் 20, இரவு 10.02

நல்ல நாளில் தொடங்கினீர்கள் அண்ணா. இதே தேதியில் தொடங்கிப் படிப்பது பலருக்கு ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. 2017 குளிர்காலத்தில் ராபர்ட் மக்ஃபார்லேன் என்ற எழுத்தாளரும் ஜூலியா பேர்ட் என்ற கவிஞரும் ட்விட்டரில் கூட்டு வாசிப்பாக இதைத் தொடங்க, பல நாடுகளிலிருந்து ஆட்கள் சேர்ந்துகொண்டார்கள். அப்புறம் 2022 டிசம்பரில் பிபிசி உலக சேவை இதையே 12 பகுதி ஒலி நாடகமாக்கியது. அதுவும் தேதியை ஒட்டித்தான் வந்தது. ஹெட்ஃபோனில் கேட்க வேண்டியது, காதுக்குப் பின்னால் ஆள் நிற்பது போலவே இருக்கும்.

புதிதாக வருபவர்களுக்கு: இது ஐந்து புத்தக வரிசையில் இரண்டாவது, 1973இல் வந்தது. முதல் புத்தகம் 1965. மற்றவை 1974, 1975, 1977. இரண்டாவதிலிருந்தே தொடங்கலாம், ஒன்றும் குறையாது. முதல் புத்தகம் விடுமுறைக்குப் போன மூன்று பிள்ளைகள் புதையல் தேடும் கதை. தொனியே வேறு.

கட்டைவண்டி | டிசம்பர் 20, இரவு 11.30

இந்தப் புத்தகத்தை இரண்டு முறை எடுத்து இரண்டு முறையும் பாதியில் வைத்தவன் நான். பொடியன் ஒருவன் தூங்கி எழுகிறான், நீதான் ஏழாவது மகனுக்குப் பிறந்த ஏழாவது மகன், ஆகவே உனக்குச் சக்தி உண்டு என்கிறார்கள். அப்புறம் ஒவ்வொருவராக வந்து ஆளுக்கொரு பொருளைக் கையில் கொடுக்கிறார்கள். இரும்பு, வெண்கலம், மரம், கல், நெருப்பு, நீர் என்று ஆறு சின்னங்கள். இதில் இவன் சாதித்தது என்ன? ரேஷன் கடை வரிசையில் நின்றவன்கூட இதைவிட அதிகம் உழைத்திருப்பான்.

மின்னல்வெட்டு | டிசம்பர் 20, இரவு 11.41

😂 ரேஷன் கடை சூப்பர் சார்

நான் 2007 படம் மட்டும்தான் பார்த்தேன். அதில் அவன் அமெரிக்கப் பையன், வயது 14. மொக்கை.

தேம்ஸ்கரையாள் | டிசம்பர் 21, அதிகாலை 3.20

அரசமரம் அண்ணாவுக்கு: அது நம்ம காக்கா இல்லை. இங்கே இங்கிலாந்தில் அதை ரூக் என்பார்கள். அண்டங்காக்கையும் இல்லை. உடம்பு முழுக்கக் கறுப்பு, அலகு தொடங்கும் இடத்தில் மட்டும் மயிர் உதிர்ந்து, வெளுத்த தோல் தெரியும். கிட்டே பார்த்தால் முகமூடி கழன்ற முகம் மாதிரி இருக்கும். இலையுதிர்ந்த உயரமான மரத்தில் இருபது முப்பது கூடுகள் ஒன்றாகக் கட்டும். சாயங்காலம் நாலு மணிக்கே இங்கே இருட்டிவிடும். அந்த நேரம் எல்லாம் ஒன்றாக எழும்பிக் கத்தும்போது, நாவல் எழுதத் தெரிந்த யாருக்கும் கை பரபரக்கத்தான் செய்யும். மகளிடம் "தாத்தா இந்தப் பறவையில் வரமாட்டார்" என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

நான் இருப்பது ஸ்லாவ் நகரத்தில். கதை நடக்கும் ஹண்டர்கோம்ப் கற்பனை ஊர். ஆனால் அது டார்னி என்ற கிராமத்தை மனதில் வைத்து எழுதியது என்று கூப்பரே சொல்லியிருக்கிறார். அது எங்கள் வீட்டிலிருந்து காரில் கால் மணி நேரம்கூட இல்லை. அவர் பிறந்தது (1935) பக்கத்திலேயே பர்னம் என்ற இடத்தில். கதையில் வரும் மாளிகை டார்னி கோர்ட், தேவாலயம் அதை ஒட்டியே நிற்கிறது. இரண்டும் இன்னும் அப்படியே இருக்கின்றன. ஊர் மதுக்கடையின் பெயர் அன்னாசிப்பழம்! இங்கிலாந்தில் முதல் அன்னாசி அந்த மாளிகைத் தோட்டத்தில்தான் காய்த்தது என்று ஊரார் பெருமை பேசுவார்கள், உண்மையோ பொய்யோ.

எட்டு வருடமாக இங்கே இருந்தும் இந்தப் புத்தகத்தை இரண்டு வருடத்துக்கு முன்புதான் படித்தேன். அதற்கு முன் டார்னி எனக்கு மாடு மேயும் ஒரு பொதுப் புல்வெளி, அவ்வளவுதான். கோடையில் அந்தச் சாலையில் மாடு குறுக்கே படுத்திருக்கும், கார்கள் பொறுமையாக நிற்கும். அதைப் பார்க்கத்தான் பிள்ளைகளைக் கூட்டிப் போவேன், ஊர் ஞாபகத்தில்.

அரசமரம் | டிசம்பர் 21, இரவு 8.50

நன்றி தங்கச்சி. "முகமூடி கழன்ற முகம்" என்றதும் மகள் ரூக்கை ஏற்றுக்கொண்டாள். காக்கா விடுதலை.

இன்று பிறந்தநாள் அத்தியாயம். வில் எழுந்து பார்த்தால் வீட்டில் யாரையும் எழுப்ப முடியவில்லை. உலுக்குகிறான், கத்துகிறான், அண்ணன் அக்கா எல்லாரும் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டு கிடக்கிறார்கள். வெளியே பார்த்தால் அவனுக்குத் தெரிந்த தெரு இல்லை, பனி மூடிய பெருங்காடு. மகள் என்னைப் பார்த்து, "நீ தூங்கினா நான் எழுப்புவேன், எந்திரிச்சிடணும்" என்று சத்தியம் வாங்கினாள்.

எனக்கு வேறு தலைவலி. சொற்கள். டார்க் என்பதை இருள், லைட் என்பதை ஒளி என்றுவிட்டேன், ஓடுகிறது. ஓல்ட் ஒன்ஸ் என்பதுதான் மாட்டிக்கொண்டது. காலத்துக்கு வெளியே வாழ்கிற, சாவில்லாத, ஒளியின் ஆட்கள். "முதியோர்" என்றால் உதவித்தொகை ஞாபகம் வருகிறது. "பெரியவர்கள்" என்றால் பதினொரு வயதுப் பையனும் அதில் சேர்த்தி என்பது இடிக்கிறது. "சிரஞ்சீவிகள்" என்று பார்த்தேன், மகள் தெலுங்கு நடிகர் பெயரைச் சொல்லிச் சிரிக்கிறாள்.

பென்சில்சீவி | டிசம்பர் 21, இரவு 9.33

"தொல்லோர்" என்று வையுங்கள். தொல்காப்பியம் படிப்பவர்கள் வீட்டுப் பிள்ளைபோல் இருக்கும், ஆனால் பொருந்தும்.

எனக்கு வேறு ஒரு கேள்வி. ஒளி நல்லது, இருள் கெட்டது, வில்லன் கறுப்புக் குதிரையில் வருகிறான். 1973இல் எழுதியதை இன்று என் மகனுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? எங்கள் குலதெய்வம் கருப்பசாமி. ராத்திரி காவலுக்கு வருபவரே அவர்தான். ஊர் எல்லையில் இருட்டில் அவர் நடமாட்டம் இருப்பதால்தான் நாங்கள் நிம்மதியாகத் தூங்குகிறோம் என்று சொல்லி வளர்த்த பிள்ளையிடம் போய் "இருட்டு வருது, ஜாக்கிரதை" என்றால்?

தேம்ஸ்கரையாள் | டிசம்பர் 22, அதிகாலை 1.05

நியாயமான கேள்வி. பாதி பதில்தான் என்னிடம் இருக்கிறது. இந்தக் கதையில் இருளின் பெரிய ஆயுதம் எது தெரியுமா? பனி. வெள்ளை வெளேரென்ற பனி. ஊரை நாள் கணக்கில் மூடி, குழாயை உறைய வைத்து, விறகு தீர்ந்து, ஜனங்கள் வீட்டை விட்டு மாளிகைக்குப் போய் ஒண்டுகிற அளவுக்குக் குளிர். வெள்ளை இங்கே அழகாக வந்து ஆளைக் கொல்லும். அதற்கு எதிராக ஒளியிடம் இருப்பது அடுப்பு, மெழுகுவத்தி, இருட்டின் நடுவே ஒரு சுடர், அவ்வளவுதான்.

இன்னொன்று, இங்கே டிசம்பரில் காலை எட்டு மணிக்குத்தான் விடிகிறது, நாலு மணிக்கு அஸ்தமனம். வருஷத்திலேயே குட்டிப் பகல் கொண்ட நாளில் கதை தொடங்குகிறது. இருட்டுக்குப் பயப்படுவது இவர்கள் நாட்டுத் தட்பவெப்பத்தில் பிறந்த பயம். நம் ஊரில் பயம் என்றால் உச்சிவெயில்: "உச்சி நேரத்தில் புளியமரத்தடிக்குப் போகாதே" என்பார்கள் இல்லையா, அது மாதிரி.

ஆனாலும் கறுப்புக் குதிரை கறுப்புக் குதிரைதான். ஒளிக்கு வெள்ளைக் குதிரைதான். அதை மறுக்க மாட்டேன்.

பென்சில்சீவி | டிசம்பர் 22, காலை 7.10

பனி பற்றி யோசிக்கவில்லை. ஏற்கிறேன். குதிரை விஷயத்தில் ஏற்கவில்லை. 🙂

நூலகப்பூனை | டிசம்பர் 22, காலை 11.48

கூப்பருக்கு இந்த "நாம் × அவர்கள்" எங்கிருந்து வந்தது என்பதற்கு அவரே பதில் சொல்லியிருக்கிறார். இரண்டாம் உலகப்போர் தொடங்கும்போது அவருக்கு வயது நாலு, முடியும்போது பத்து. குண்டு வீச்சுக்குப் பயந்து பதுங்கு அறையில் கழிந்த சிறுவயது. மேலே வருவது "அவர்கள்", கீழே ஒளிந்திருப்பது "நாம்". நாலு வயதுக்கு அதில் சந்தேகத்துக்கு இடமே கிடையாது.

அவர் ஆக்ஸ்போர்டில் படித்தபோது, மாயக்கதைகள் எழுதிய டோல்கீனும் சி.எஸ். லூயிஸும் அங்கே ஆசிரியர்கள். இருவர் விரிவுரையையும் கேட்டவர். பிறகு லண்டனில் பத்திரிகையாளர். 1963இல் அமெரிக்கரைத் திருமணம் செய்து அமெரிக்கா போனார். அங்கே பனியில் சறுக்கிக்கொண்டிருந்தபோதுதான், இங்கிலாந்துப் பனியில் ஒரு பையன் காலையில் எழுந்து தனக்கு மந்திரம் தெரியும் என்று கண்டுபிடித்தால் எப்படி இருக்கும் என்று தோன்றியதாம். ஊர் ஏக்கம் பிடித்தவர் எழுதிய ஊர் அது. ஒவ்வொரு வேலியும் வரப்பும் அவ்வளவு துல்லியமாக இருப்பதற்குக் காரணம், அவர் அங்கே இல்லை.

கட்டைவண்டி | டிசம்பர் 22, பிற்பகல் 2.20

கடைசி வரி நன்றாக இருக்கிறது தம்பி. தூர தேசத்தில் இருப்பவன்தான் ஊர்க் குளத்துப் படியை எண்ணிச் சொல்வான்.

சரி, மூன்றாவது முறையாக எடுக்கிறேன். வில் பற்றிய என் கருத்து மாறவில்லை.

அரசமரம் | டிசம்பர் 24, இரவு 10.40

இரண்டு நாளாக எழுத முடியவில்லை, வீட்டில் விருந்தாளிகள். ஆனால் வாசிப்பு நிற்கவில்லை. காலையில் தெருமுனைக் கோயிலில் திருப்பாவை, ராத்திரி இருளும் ஒளியும். ஒரு நாளைக்கு ஒரு பாட்டு என்று தேதி பார்த்து முப்பதையும் முடிக்கும் பழக்கம் ஏற்கெனவே உள்ள வீட்டில், இந்த நாவலைத் தேதிப்படி படிப்பது யாருக்கும் விசித்திரமாகத் தெரியவில்லை. என் மாமியார் "இன்னிக்கு எத்தனாம் நாள்?" என்று இரண்டையும் சேர்த்தே கேட்கிறார்.

ஒரு சின்ன இடம் சொல்ல வேண்டும். கிறிஸ்துமஸ் மரத்துக்கு அலங்காரப் பெட்டியை இறக்குகிறார்கள். வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் மரத்தில் செதுக்கிய ஓர் எழுத்து உண்டு. வில் பெட்டிக்குள் கைவிட்டால் டி என்ற எழுத்து வருகிறது. வீட்டில் டி என்று பெயர் தொடங்கும் ஆளே கிடையாது. அம்மாவிடம் கேட்கிறான். முதலில் டாம் என்று ஒரு பிள்ளை பிறந்து மூன்றே நாளில் போய்விட்டது என்கிறாள். அதுவரை தான் ஆறாவது மகன் என்று நினைத்திருந்தவன் அந்த நொடியில்தான் ஏழாவது மகன் ஆகிறான்.

மந்திரம், மாயம் எல்லாம் இருக்கட்டும், எனக்கு இந்த நாவலில் இதுவரை மிகவும் பிடித்தது இதுதான். மாமியாரும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் தலைச்சன் பிள்ளை தங்கவில்லை. ஒன்றும் பேசாமல் எழுந்துபோய்ப் பாலைச் சுட வைத்தார்.

மின்னல்வெட்டு | டிசம்பர் 24, இரவு 11.02

❤️ அண்ணா, புத்தகம் வாங்கிட்டேன். கிண்டில்.

பென்சில்சீவி | டிசம்பர் 27, இரவு 9.20

ஹாக்கின் பகுதி வந்துவிட்டதா எல்லாருக்கும்? எனக்குக் கோபம் தாங்கவில்லை. யாராவது பேசுங்கள்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கம்: மெரிமன் என்பவர் தொல்லோரில் மூத்தவர், ஒளியின் தளபதி மாதிரி. 13ஆம் நூற்றாண்டில் ஹாக்கின் என்ற அநாதைக் குழந்தையை எடுத்து மகன்போல் வளர்க்கிறார். ஹாக்கின் சாதாரண மனிதன். மெரிமன் என்றால் அவனுக்கு உயிர். வளர்ந்தபின் அவனைக் காலம் தாண்டி 19ஆம் நூற்றாண்டுக்குக் கூட்டி வருகிறார், ஒரு வேலைக்கு. மந்திரப் புத்தகம் ஒன்று பெண்டுலம் கடிகாரத்துக்குள் இருக்கிறது. அதை எடுக்கும்போது மெரிமனின் ஒரு கை ஹாக்கின் தோளில் இருந்தாக வேண்டும். இன்னொரு கை பெண்டுலத்தில் லேசாகப் பட்டாலும் போதும், ஹாக்கின் காலி. அதாவது அந்தப் பூட்டுக்கு அவன்தான் சாவி.

கை படவில்லை, புத்தகம் வந்துவிட்டது. ஆனால் ஹாக்கினுக்கு அந்த நேரத்தில்தான் உறைக்கிறது: அப்பா என்று நம்பியவர் ஒரு புத்தகத்துக்காகத் தன் உயிரைப் பந்தயம் வைத்தார் என்று. அன்றிரவே இருளின் பக்கம் சாய்கிறான். அதற்குத் தண்டனை? வெண்கலச் சின்னத்தைச் சுமந்துகொண்டு அறுநூறு வருடத்துக்கு மேல் சாகாமல் நாடோடியாக அலைய வேண்டும். முதல் அத்தியாயத்தில் ரூக்குகள் துரத்திய கிழவன் அவன்தான்!

இதைச் செய்தது ஒளி. நல்லவர்கள்.

கட்டைவண்டி | டிசம்பர் 27, இரவு 10.15

ஆஹா. இதற்குத்தான் மூன்றாவது முறை எடுத்தேன் போலிருக்கிறது.

துரியோதனன் கர்ணனை அங்க தேசத்துக்கு ராஜாவாக்கினான். அவன் நோக்கமும் சுத்தமில்லை, வில்லாளி தேவைப்பட்டான். ஆனால் கர்ணன் கடைசிவரை மாறவில்லை. கும்பகர்ணன் அண்ணன் செய்வது தப்பு என்று சபையிலேயே சொன்னவன். ஆனாலும் நீர்க்கோல வாழ்வை நம்பி விட்டுப் போகமாட்டேன் என்று போருக்குப் போய்ச் செத்தான். நம் மரபில் கெட்ட பக்கத்திலும் நன்றி உண்டு. இங்கே நல்ல பக்கத்தில் நின்றவன் நன்றியை உடைக்கிறான். காரணம், நல்லவர் அவனைக் கருவியாகப் பார்த்தார்.

ஹாக்கினைக் கர்ணனோடு ஒப்பிட வரவில்லை. ஹாக்கின் சிறிய ஆள். பயந்தவன், பொறாமைக்காரன், விருந்தில் ஒரு பெண் இரண்டு வார்த்தை இனிப்பாகப் பேசியதும் விழுந்துவிட்டான். சிறிய ஆளாக இருப்பதால்தான் வலிக்கிறது.

நூலகப்பூனை | டிசம்பர் 27, இரவு 11.00

மெரிமன் வருந்துகிறார் என்பதையும் சொல்ல வேண்டும். மனிதனால் தாங்க முடியாத அளவு நம்பிக்கையை அவனிடம் கேட்டுவிட்டேன், அது என் பிழை என்று வில்லிடம் ஒப்புக்கொள்கிறார். அதோடு ஒளி யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. சாய்ந்தது அவன் விருப்பம்.

பென்சில்சீவி | டிசம்பர் 27, இரவு 11.09

பிழை செய்தவர் வருந்தினார், பிழைக்கு ஆளானவன் அறுநூறு வருடத்துக்கு மேல் நடந்தான். கணக்கு சரியாக வரவில்லையே பூனை.

கட்டைவண்டி | டிசம்பர் 28, காலை 6.30

ராத்திரி தூக்கம் வரவில்லை. வாலி கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. மறைந்திருந்து அம்பு விட்டவனைப் பார்த்து, நீ அறத்தின் பக்கம் என்கிறார்களே, இது எந்த அறம் என்று கேட்டான். கம்பன் அந்தக் கேள்வியை மழுப்பவில்லை, படலம் முழுக்கக் கேட்க வைத்தான். ஆயிரம் வருடமாகப் பட்டிமன்றத்தில் இன்னும் தீர்ப்பு வரவில்லை. கூப்பர் ஹாக்கினுக்கு அத்தனை பேச்சு கொடுக்கவில்லை. அவன் முணுமுணுத்துக்கொண்டே பனியில் போகிறான். கொடுத்திருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

தேம்ஸ்கரையாள் | டிசம்பர் 29, அதிகாலை 2.45

கட்டைவண்டி சார், அந்தக் கேள்வியை அவர் இரண்டு வருடம் கழித்துக் கேட்கிறார். நாலாவது புத்தகம் 'தி கிரே கிங்', 1975. வேல்ஸ் மலைப் பகுதியில் நடப்பது. 1976இல் நியூபெரி பதக்கம் (அமெரிக்காவின் சிறார் நூல் விருது) வாங்கியது அதுதான். இரண்டாவது புத்தகத்துக்கு அதே விருதில் இரண்டாமிடக் கௌரவம் கிடைத்தது. 'தி கிரே கிங்'கில் ஜான் ரோலண்ட்ஸ் என்று ஆட்டுப்பண்ணையில் வேலை செய்யும் ஒரு மேய்ப்பர். மந்திரம் எதுவும் தெரியாத, நல்ல மனிதர். அவர் வில்லைப் பார்த்தே சொல்கிறார்: உங்கள் ஒளி உருவின வாள் மாதிரி, வெள்ளையாக எரிகிற வெயில் மாதிரி. இரக்கம், கருணை எல்லாம் அதற்கு முதல் இடத்தில் இல்லை. வில்லும் மறுப்பதில்லை. நாங்கள் போர் செய்கிறோம், அப்படித்தான் இருக்க முடியும் என்கிற மாதிரிதான் பதில் சொல்கிறான். சொல்கிறவனுக்கு அப்போது பன்னிரண்டு வயதுகூட ஆகவில்லை என்பது எனக்குக் குளிரெடுத்தது.

நான் இதைப் படித்தபின் திரும்பி வந்து ஹாக்கின் பகுதியைப் படித்தேன். மெரிமன் பேசும் நல்ல வார்த்தைகள் எல்லாம் வேறு மாதிரிக் கேட்டன.

அரசமரம் | டிசம்பர் 29, இரவு 9.00

நீங்கள் எல்லாரும் பெரியவர்கள் சண்டை போடுகிறீர்கள். என் மகளின் தீர்ப்பைப் பதிவு செய்கிறேன். கடிகாரக் காட்சியை முடித்ததும் கேட்டாள்: "முன்னாடியே சொல்லிட்டுத்தானே கூட்டிட்டு வந்தார்?" ஆமாம், ஆபத்து உண்டு என்று ஹாக்கினுக்குத் தெரியும், சம்மதித்துத்தான் வந்தான் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்பா சொன்னா யாரு வேண்டாம்னு சொல்லுவா?" என்றாள்.

அதற்கு மேல் அன்று படிக்கவில்லை.

பென்சில்சீவி | டிசம்பர் 29, இரவு 9.04

உங்கள் மகளை இந்த இழைக்கு நடுவராகப் போடலாம்.

மின்னல்வெட்டு | ஜனவரி 1, பிற்பகல் 12.10

ஹேப்பி நியூ இயர். சர்ச் சீன் முடிச்சேன். பூசைக்கு அப்புறம் வெளியே இருள் முட்டுது, ஃபாதர் ஜெபம் பண்றார், ஒண்ணும் வேலைக்கு ஆகலை. கடைசியில் சின்னங்களை வெச்சுத்தான் தடுக்கிறாங்க. அப்புறம் ஃபாதருக்கு எதுவுமே ஞாபகம் இல்லாம அழிச்சிடறாங்க. இது எனக்கு மட்டும்தான் ஒரு மாதிரி இருக்கா?

நூலகப்பூனை | ஜனவரி 1, மாலை 5.25

உனக்கு மட்டும் இல்லை. லூயிஸின் கதைகளில் கிறிஸ்தவம் அடித்தளம். கூப்பர் அதைச் செய்யவில்லை. அவரது ஒளி தேவாலயத்துக்கும் மூத்தது. சின்னத்தின் வடிவத்தைப் பார்: ஒரு வட்டம், உள்ளே குறுக்கும் நெடுக்கும் இரு கோடு. சிலுவை மாதிரி தெரிந்தாலும் அதற்கும் முந்தைய சூரியக் குறி அது.

இடைச்செருகல்: நெருப்புச் சின்னத்தில் பழைய ஆங்கிலத்தில் "ஒளி என்னைச் செய்யச் சொன்னது" என்று பொறித்திருக்கும். ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் ஆல்ஃபிரட் மன்னன் காலத்துத் தங்க நகை ஒன்று இருக்கிறது. அதில் "ஆல்ஃபிரட் என்னைச் செய்யச் சொன்னான்" என்று அதே வாக்கிய அமைப்பு. மாணவியாக அந்த ஊரில் இருந்தவர் அதைப் பார்க்காமலா இருந்திருப்பார்? வில்லின் அப்பா நகை வியாபாரி என்பதும் சும்மா இல்லை.

ஞாபகத்தை அழிப்பது பற்றி: ஐந்தாவது புத்தகத்தின் முடிவைப் படித்துவிட்டு வா, அப்போது கத்துவாய். கூடவே நின்று போராடிய பிள்ளைகள் எல்லாரையும் மறக்க வைத்துவிடுவார் மெரிமன். 1977இலிருந்து வாசகர்கள் அதற்காகக் கூப்பரைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். வரிசையைத் திட்டமிட்ட புதிதிலேயே அந்தக் கடைசிப் பக்கத்தை எழுதி வைத்துவிட்டாராம் கூப்பர். அதனால் தெரியாமல் செய்த காரியம் இல்லை.

கட்டைவண்டி | ஜனவரி 1, மாலை 6.40

ஆளை உபயோகித்துவிட்டு நினைவைத் துடைப்பது. கேட்டால் உன் நன்மைக்குத்தான் என்பது. இதை இருள் செய்தால் கொடுமை என்போம்.

தேம்ஸ்கரையாள் | ஜனவரி 4, இரவு 11.50

சண்டைக்கு நடுவில் ஒரு ஊர்ச் செய்தி. இன்று டார்னிக்கு நடக்கப் போனேன். இரண்டு நாள் மழை. புல்வெளியில் ஒரு ஓரம் முழுக்கத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. கதையின் கடைசியில் பனி உருகி தேம்ஸ் ஊருக்குள் வருமே, அந்த அத்தியாயம் இன்றுதான் என் கணக்கில். இந்த ஊருக்கு வெள்ளம் கற்பனை இல்லை. மெய்டன்ஹெட், விண்ட்சர், ஈட்டன் ஊர்களைக் காப்பாற்றவே ஜூபிலி ஆறு என்று ஒரு செயற்கை ஆறு வெட்டி 2002இல் திறந்தார்கள். டார்னி அதற்கும் தேம்ஸுக்கும் நடுவில் இருக்கிறது.

தேவாலய வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே யாரோ பூ அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மரத்தில் ரூக் கூடுகள், எண்ணிப் பார்த்தேன், பதினேழு. என் சின்னவன் அவற்றைப் பார்த்து "கா கா" என்று கத்தினான், சோறு கேட்டு வருமென்று. ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை.

விண்ட்சர் கோட்டை தெரியும் தூரம்தான். ஹெர்ன் என்ற கொம்பு வைத்த வேட்டைக்காரன் விண்ட்சர் காட்டில் அலைகிறான் என்பது பழைய கதை, ஷேக்ஸ்பியர் நாடகத்திலேயே வருகிறது. நாவலில் இருளைக் கடைசியாகத் துரத்துவது அவனும் அவன் நாய்களும்தான். கவனியுங்கள், அவன் ஒளியும் இல்லை, இருளும் இல்லை. காட்டுச் சக்தி. பென்சில்சீவி, உங்கள் கருப்பசாமிக்குக் கிட்டத்தட்ட ஒரு உறவுக்காரர் கிடைத்துவிட்டார்.

பென்சில்சீவி | ஜனவரி 5, காலை 8.00

நாய் கூட வருகிறது, ராத்திரி வேட்டைக்குப் போகிறார், பக்கம் சேரமாட்டார், குறுக்கே வந்தவனை விடமாட்டார். சரி, பங்காளிதான். குதிரையை மன்னித்தேன்.

அரசமரம் | ஜனவரி 6, இரவு 10.25

முடித்துவிட்டோம்.

ஹாக்கின் சாவு இப்படி: வேட்டை துரத்தும்போது, பாரம் அதிகம் என்று இருளின் குதிரைவீரன் அவனை வானத்திலிருந்து கீழே தள்ளிவிடுகிறான். அவ்வளவுதான் அவன் மதிப்பு. முதுகு முறிந்து கிடக்கிறான். மெரிமன் பக்கத்தில் மண்டியிடுகிறார். ஹாக்கின் கசந்து பேசுகிறான், எல்லாம் நீங்கள் எனக்கு விதித்தது என்கிறான். தேர்ந்தது நீ என்கிறார் அவர். ஆனால் முடிவில் அவனை அந்த நெடுநடையிலிருந்து விடுவிக்கிறார், சாக அனுமதிக்கிறார்.

மெரிமன் குரலில் படிக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது, மகள் கவனித்துவிட்டாள். "நீ ஏன் அவருக்கு அழற? இவனுக்குத்தானே அழணும்" என்றாள்.

இன்று மத்தியானம் பெட்டி அட்டையில் ஆறு வட்டம் வெட்டிக் குறுக்குக் கோடு போட்டு வைத்திருந்தாள். ஐந்துக்கு வண்ணம் அடித்தாயிற்று. வெண்கலத்துக்கு மட்டும் அடிக்கவில்லை. "அது அவன் தூக்கிட்டு நடந்தது" என்கிறாள். அதை எடுத்துத் தன் பென்சில் டப்பாவில் வைத்துக்கொண்டாள்.

கட்டைவண்டி | ஜனவரி 7, காலை 6.15

நானும் முடித்தேன். வில் கடைசிவரை ரேஷன் வரிசையில்தான் நிற்கிறான், அந்தக் கருத்தில் மாற்றமில்லை. கெட்டவன் யார் என்று பார்க்கத்தான் புத்தகத்தை எடுத்தேன். பக்கம் முழுக்க நல்லவரையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

தங்கச்சி சொன்ன அந்த ஆட்டுப்பண்ணைக்காரர் வரும் புத்தகம் நாலாவதுதானே? மூன்றாவதைத் தாண்டி நேரே அதற்குப் போனால் புரியுமா?

தேம்ஸ்கரையாள் | ஜனவரி 7, அதிகாலை 4.02 (இங்கே)

புரியும் சார். ஆனால் மூன்றாவது சின்னதுதான், கடலோர ஊர்க் கதை, ஒரே நாளில் ஓடிவிடும். அதையும் படித்துவிட்டே போங்கள்.

மின்னல்வெட்டு | ஜனவரி 7, காலை 9.45

யாராச்சும் அஞ்சாவது ஆரம்பிச்சா சொல்லுங்க. தனியா கத்த முடியாது.